ஈஸ்டர் கூடையும் இரண்டு வயதுக் குழந்தையும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஈஸ்டர் நெருங்கும்போது கடைகளில் குவியும் சாக்லேட் முட்டைக்கு முன்னோடி, இனிப்பே இல்லாத கோழி முட்டைதான். இடைக்காலக் கிறித்தவத்தில் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. மனிதர் நோன்பு இருந்தாலும் கோழிகள் நோன்பு இருப்பதில்லை என்பதால், பகற்பொழுது நீளத் தொடங்கும் அந்த வசந்தப் பருவத்தில் அவை இட்ட முட்டைகள் வீடுகளில் சேர்ந்துகொண்டே போயின, நோன்பு முடிந்த நாளில் அவற்றுக்குச் சாயமேற்றிப் பரிசளித்து உண்டு தீர்ப்பது வழக்கமாயிற்று. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில், 1290ஆம் ஆண்டு ஈஸ்டருக்காக 450 முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவான பதிவு இருக்கிறது. முட்டைகளை முயல் கொண்டுவந்து ஒளித்துவைக்கும் என்ற கற்பனையோ ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் தோன்றியது. கியோர்க் ஃபிராங்க் என்ற மருத்துவரின் பெயரோடு 1682இல் ஹைடெல்பெர்கில் வெளியான லத்தீன் நூல் ஒன்று, முயல் ஒளித்த முட்டைகளைக் குழந்தைகள் தோட்டத்தில் தேடுவதைக் குறிப்பிடுகிறது. அந்த நூல் எழுதப்பட்டதற்குக் காரணம் விழாவின் அழகு அல்ல, பண்டிகை நாளில் முட்டையை அளவு மீறித் தின்பதால் வரும் வயிற்றுக் கேடு. ஈஸ்டர் முயலைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, ஒரு மருத்துவரின் எச்சரிக்கையாக அமைந்திருப்பது இக்கட்டுரையின் பொருளுக்குப் பொருத்தமானதே.

முட்டைக்குப் பதிலாகச் சர்க்கரை வந்து அமர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பிரிஸ்டல் நகரின் ஃபிரை நிறுவனம் 1873இலும், பர்மிங்காமின் கேட்பரி நிறுவனம் 1875இலும் உள்ளீடற்ற சாக்லேட் முட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆகவே விழாவின் பழைய உறுப்புகளாகிய ஒளித்தல், தேடல், கண்டெடுத்தல், பெரியவர்களின் பாராட்டு ஆகிய எதுவும் சர்க்கரையால் உண்டானவை அல்ல. சர்க்கரை அவற்றின்மேல் ஒன்றரை நூற்றாண்டுக்குள் ஒட்டிக்கொண்டது. ஒன்று முதல் மூன்று வயது வரையான தளர்நடைப் பருவக் குழந்தைகளுக்கு ஈஸ்டர் தின்பண்டமாக எதைக் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு ஊட்டச்சத்தியலும் பல் மருத்துவமும் குழந்தை உளவியலும் தனித்தனியே தரும் விடைகள், இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒன்றோடொன்று இணங்கி நிற்பதைக் காணலாம்.

சர்க்கரையைப் பொறுத்தவரை, பிரிட்டனின் ஓர் ஈஸ்டர் பண்டிகை தன்னையறியாமலே ஆய்வுக்கூடமாகியது. இரண்டாம் உலகப் போரில் தொடங்கிய பங்கீட்டு முறையில் மிட்டாய்களுக்கான கட்டுப்பாடு 1953 பிப்ரவரி 5 அன்று நீங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 5இல் வந்த ஈஸ்டர், பல ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டிஷ் குழந்தைகள் பங்கீட்டு அட்டையின்றி இனிப்பு வாங்கிய ஈஸ்டராக அமைந்தது. செப்டம்பரில் சர்க்கரைக்கான பங்கீடும் முடிந்தபோது, வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் சர்க்கரை ஏறத்தாழ 40 கிராமிலிருந்து 80 கிராமாக, மிகக் குறுகிய காலத்தில் இரட்டித்தது. மற்ற உணவுகள் அவ்வளவாக மாறாமல் சர்க்கரை மட்டும் இப்படித் திடீரென்று உயர்ந்ததால், பங்கீடு முடிந்ததற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டால் குழந்தைப் பருவச் சர்க்கரையின் விளைவைத் தனியே பிரித்தறிய முடியும் என்று பொருளியலாளர் ததேயா கிராக்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கருதினர். 1951 அக்டோபருக்கும் 1956 மார்ச்சுக்கும் இடையில் பிறந்த அறுபதாயிரம் பேரின் உடல்நலப் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, கருவில் உருவான நாள் முதல் இரண்டு வயது நிறையும் வரையான ஆயிரம் நாட்களில் பங்கீட்டுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தவர்களுக்கு, இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைந்திருந்தன. நோய் வந்தவர்களுக்கும் அது முறையே நான்கு ஆண்டுகளும் இரண்டு ஆண்டுகளும் தாமதமாகவே வந்தது. ஒரு நாள் பண்டிகை இனிப்பு இத்தகைய விளைவை உண்டாக்கிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆயினும் வளரும் உடலும் நாவின் சுவைப்பழக்கமும் ஒருசேர வடிவம் பெறும் காலம் அது என்பதால், குழந்தை மருத்துவ அமைப்புகள் அந்த ஆயிரம் நாட்களை மற்ற எந்த வயதைக் காட்டிலும் கண்டிப்பாகப் பார்க்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் சேர்த்த சர்க்கரை அறவே வேண்டாம் என்று அமெரிக்க இதய நலச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. பிரிட்டனில் நான்கு முதல் ஆறு வயது வரையான குழந்தைக்கே நாளொன்றுக்கு 19 கிராம்தான் உச்சவரம்பு. நூறு கிராம் எடையுள்ள ஒரு பால் சாக்லேட் முட்டையிலோ ஐம்பது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். அதில் சிறு பகுதி பாலிலிருந்து வரும் லாக்டோஸ் என்பதைக் கழித்தாலும் மீதி அந்த உச்சவரம்பின் இருமடங்கைத் தாண்டும்.

இங்கு எண்ணப்படுவது ‘கட்டற்ற சர்க்கரை’ எனப்படும் வகை. பழத்தையோ காயையோ முழுதாக உண்ணும்போது அதன் சர்க்கரை செல் சுவர்களுக்குள் அடைபட்டு நார்ச்சத்தோடு சேர்ந்து மெதுவாக வெளிப்படுகிறது. அப்படி அடைபடாமல் உணவில் தனித்து நிற்பது, அதாவது வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், தேன், பாகுகள், பழச்சாறு, செறிவூட்டிய பழச்சாறு ஆகியவற்றில் இருப்பது, கட்டற்ற சர்க்கரை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பிரிட்டனின் வரையறை அரைத்துக் கூழாக்கிய பழத்தையும் இதில் சேர்க்கிறது. ‘வெள்ளைச் சர்க்கரை சேர்க்காதது’ என்ற அட்டையோடு, பேரீச்சைப் பாகோ ஆப்பிள் சாற்றுச் செறிவோ கலந்து முயல் வடிவத்தில் விற்கப்படும் குழந்தைத் தின்பண்டங்கள் பெற்றோரின் நல்லெண்ணத்தை விலைக்கு வாங்குகின்றனவே தவிர, குழந்தையின் உடலுக்கு வேறு எதுவும் செய்வதில்லை.

பற்களைப் பொறுத்தவரை, எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை என்பதே முதன்மையான கேள்வி. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை நொதிக்கச் செய்து அமிலமாக்குவதால், இனிப்பு உண்ட சில நிமிடங்களில் பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை கூடுகிறது. அமில காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கும்போது பற்சிப்பியிலுள்ள கனிமங்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தை நடுநிலைப்படுத்தி மீட்டெடுக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கிறது. காலை முதல் மாலை வரை கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சப்பும் குழந்தையின் பற்களுக்கு அந்த மீட்சி நேரம் வாய்ப்பதே இல்லை. பாற்பற்களின் சிப்பி நிலைத்த பற்களின் சிப்பியைவிட மெல்லியது என்பதால் கேடும் விரைவில் ஆழம் வரை செல்கிறது. இந்த உண்மையை உறுதிப்படுத்திய ஆய்வு, மருத்துவ வரலாற்றின் வெட்கக்கேடுகளில் ஒன்று: 1940களில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இருந்த விபெஹோல்ம் என்ற காப்பகத்தில், தம் சம்மதத்தைச் சொல்ல இயலாத அறிவுத்திறன் குறைபாடுள்ள மனிதர்களுக்குப் பல்லில் ஒட்டும் டாஃபிகளை உணவு வேளைகளுக்கு இடையே கொடுத்து அவர்களுடைய பற்கள் சிதைவதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். உணவோடு சேர்த்து உண்ட இனிப்பைவிட, இடைவேளைகளில் உண்ட ஒட்டும் இனிப்பு பற்களை மிகுதியாக அரித்தது. அதன் விளைவாகவே வாரம் முழுவதும் சிறிது சிறிதாக இனிப்பு தின்பதைத் தவிர்த்து, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் இனிப்பு என்ற அறிவுரை ஸ்வீடனில் பரவிக் குடும்ப வழக்கமாகவே நிலைத்தது. ஒட்டும் தன்மை காரணமாக, நல்லது என்று நம்பிக் கூடையில் இடப்படும் உலர்திராட்சையும் இந்த வகையில் சேர்ந்துவிடுகிறது; அதைச் சாப்பாட்டோடு கொடுப்பதே முறை என்று பல் மருத்துவர்கள் கூறுகின்றனர்.

சர்க்கரை தின்றால் குழந்தைகள் கட்டுக்கடங்காமல் துள்ளுவார்கள் என்ற பரவலான நம்பிக்கைக்கு மட்டும் அறிவியல் ஆதரவு தரவில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து முதல் ஏழு வயது வரையான சிறுவர்கள் அனைவருக்கும் சர்க்கரையற்ற பானமே கொடுக்கப்பட்டது. ஆனால் தம் மகனுக்குச் சர்க்கரை கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட தாய்மார்கள், அவன் வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளுவதாகக் கண்டனர். விருந்தினரும் விளையாட்டும் தூக்கக் குறைவும் சேர்ந்து உண்டாக்கும் பண்டிகைக் களைப்பின் பழியைச் சர்க்கரை சுமக்கிறது. அதன்மேல் சுமத்த வேறு குற்றங்கள் போதுமான அளவு உள்ளன.

அவற்றைவிட உடனடியான ஆபத்து மூச்சடைப்பு. முதல் கடைவாய்ப் பற்கள் ஒன்று முதல் ஒன்றரை வயதையொட்டியும் இரண்டாம் கடைவாய்ப் பற்கள் இரண்டு முதல் இரண்டே முக்கால் வயதுக்குள்ளும் முளைப்பதால், இந்தப் பருவத்துக் குழந்தை முன்பற்களால் கடித்துத் துண்டாக்கும், ஆனால் அரைக்கத் தெரியாது. மூச்சுக்குழாயோ அதன் சுண்டுவிரல் அளவே இருக்கும். அடைத்த பொருளை இருமித் தள்ளும் வலிமையும் குறைவு. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளின் உதிரிகளைச் சோதிக்க அமெரிக்காவில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுகிறது. அதற்குள் அடங்கிவிடும் உதிரி கொண்ட பொம்மையை அந்த வயதினருக்கு விற்கக் கூடாது. சர்க்கரை ஓடு போர்த்திய சிறு சாக்லேட் முட்டை, ஜெல்லி பீன்ஸ், திராட்சை ஆகிய அனைத்தும் அந்த உருளைக்குள் தாராளமாக விழும், ஆனால் அவை உணவு என்பதால் அந்தச் சோதனைக்கு உட்படுவதில்லை. பொம்மைக்கு உள்ள காவல் தின்பண்டத்துக்கு இல்லாத இந்த முரணின் நடுவே, காவற்பணி முழுவதும் பெற்றோரின் தலையில் விழுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2010இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை கெட்டியான மிட்டாய், கொட்டைகள், முழுத் திராட்சை, சோளப்பொரி, மார்ஷ்மெல்லோ ஆகியவற்றை ஆபத்தான உணவுகளாகக் குறிப்பிடுகிறது. மென்மையானதுதானே என்று கருதப்படும் மார்ஷ்மெல்லோ, அமுங்கி மூச்சுக்குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு இறுக அடைப்பதால் எடுப்பதற்குக் கடினமானது. திராட்சையின் வழவழப்பும் அவ்வாறே தீங்கானது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் மருத்துவர்கள் முழுத் திராட்சை தொண்டையில் சிக்கிய மூன்று சிறு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், இருவர் உயிரிழந்ததைப் பதிவு செய்து, நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுக்குமாறு வேண்டினர். ஈஸ்டர் முயலின் அடையாளமாகக் கூடையில் வைக்கப்படும் பச்சைக் கேரட்டும் இந்த வயதுக்கு ஆகாது. ஆவியில் வேகவைத்து விரலால் நசுங்கும் பதத்தில்தான் கொடுக்க வேண்டும்.

பால் சாக்லேட்டில் சர்க்கரை மிகுதி, ஆகவே கொக்கோ மிகுந்த கருஞ்சாக்லேட் கொடுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. பெரியவர்களுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். ஆனால் கொக்கோ கூடக்கூட அதிலுள்ள கஃபீனும், அதே குடும்பத்தைச் சேர்ந்த தியோப்ரோமின் என்ற தூண்டுபொருளும், கொக்கோ மரம் மண்ணிலிருந்து உறிஞ்சும் காட்மியம் என்ற நச்சு உலோகமும் கூடுகின்றன. பன்னிரண்டு கிலோ எடையுள்ள உடலுக்கு அவை எவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றனவோ அவ்வளவு நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் சாக்லேட்டில் காட்மியத்துக்கு உச்சவரம்பு விதித்திருக்கிறது. சர்க்கரைக்குப் பதிலாக சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் சேர்த்த மிட்டாய்கள் பற்களைக் காத்தாலும், குடலில் முழுதும் உறிஞ்சப்படாமல் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்குவதால், சிறு குழந்தைக்குச் சில மிட்டாய்களே மிகையாகிவிடும்.

மாற்றுப் பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. விழா தொடங்கிய இடத்திலேயே அது இருக்கிறது. ஒரு பெரிய கோழி முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதமும், மூளையின் செல் சவ்வுகள் உருவாகவும் நரம்புச் செய்திகள் கடத்தப்படவும் தேவையான கோலின் என்ற சத்து ஏறத்தாழ 147 மில்லிகிராமும் உள்ளன. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்குப் போதுமானதாக அமெரிக்காவில் வகுக்கப்பட்ட கோலின் அளவு 200 மில்லிகிராம் என்பதால், ஒரே முட்டை அதில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிரப்பிவிடுகிறது. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு மட்டும் இது விலக்கு. மஞ்சள் கரு உலர்ந்து தொண்டையில் ஒட்டக்கூடியது என்பதால், நசுக்கித் தயிரோடு குழைத்து ரொட்டியில் தடவிக் கொடுப்பது நன்று. ஓட்டுத் துணுக்கு எதுவும் ஒட்டியிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாயமேற்றும் வேலையோ குழந்தையின் கண்முன் நடக்கும் வேதியியல். முட்டையின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது; அதன்மேல் மெல்லிய புரதப் படலம் ஒன்று உண்டு. சாய நீரில் வினிகர் சேர்க்கும்போது அமிலம் அந்தப் புரதத்துக்கு நேர் மின்னூட்டம் தருவதால், எதிர் மின்னூட்டம் கொண்ட உணவுச் சாயங்கள் அதை எளிதில் பற்றிக்கொள்கின்றன. கிரேக்கர்கள் பெரிய வியாழன் அன்று முட்டைகளைச் சிவப்பாக்கும் பழைய வழிகளுள் ஒன்று, வெங்காயச் சருகோடு அவற்றை வேகவைப்பது. மஞ்சள்தூள் பொன்னிறம் தருகிறது. சிவப்பு முட்டைகோஸின் சாறு இன்னும் வியப்பானது: வினிகர் கலந்த நிலையில் இளஞ்சிவப்பாகத் தோன்றும் அதில் ஊறிய முட்டை நீலமாக வெளிவருகிறது, ஏனெனில் ஓட்டின் கார்பனேட் அமிலத்தை நடுநிலைப்படுத்த, ஆந்தோசயனின் என்ற நிறமி அந்த இடத்தில் நிறம் மாறிவிடுகிறது. செயற்கைச் சாயங்களை நாடாமல் இருப்பதற்குக் காரணமும் உண்டு. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் மூன்று வயதினரையும் எட்டு, ஒன்பது வயதினரையும் கொண்டு நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு செயற்கைச் சாயங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தியும் சேர்ந்த கலவைகள் சில குழந்தைகளின் கவனத்தைச் சிதறடித்தது தெரியவந்தது. அந்த ஆறு சாயங்களில் எது சேர்ந்தாலும் உணவின் அட்டையில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் விதித்தது. சர்க்கரைமேல் சுமத்தப்பட்ட பழியில் ஒரு பங்கு மிட்டாயின் நிறத்துக்கு உரியதாக இருக்கலாம்.

வேகவைத்த முட்டை பச்சை முட்டையைவிட விரைவில் கெடும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். கொதிநீர் ஓட்டின் பாதுகாப்புப் பூச்சை நீக்கிவிடுவதால் அதன் நுண்துளைகள் வழியே கிருமிகள் உட்புக வழி உண்டாகிறது. தோட்டத்தில் ஒளித்த முட்டைகளைக் குழந்தை உண்பதாக இருந்தால், குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தது முதல் திரும்ப வைப்பது வரை இரண்டு மணி நேரத்துக்கு மிகக் கூடாது, விரிசல் விட்டவற்றை எறிந்துவிட வேண்டும், எஞ்சியவற்றை ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவுறுத்துகிறது. ஒளிப்பதற்கு ஒரு தொகுதி, உண்பதற்கு வேறொரு தொகுதி என்று பிரித்துவைத்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

கூடையில் முட்டையோடு வேறு என்ன சேரலாம் என்பதற்குப் போலந்தின் வழக்கம் பாதி வழிகாட்டும். அங்கே பெரிய சனிக்கிழமை அன்று ஆலயத்துக்கு எடுத்துச்சென்று ஆசீர்வதிக்கப்படும் கூடையில் முட்டை, ரொட்டி, ஆட்டுக்குட்டி வடிவில் செய்த வெண்ணெய், உப்பு, குதிரை முள்ளங்கி, பன்றி இறைச்சித் தொத்திறைச்சி ஆகியவை இருக்கும். இனிப்புக்கு அதில் சிறிய இடமே உண்டு. பாதி வழிகாட்டும் என்பதற்குக் காரணம் அந்தத் தொத்திறைச்சி: ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 2 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்று பிரிட்டன் வகுத்திருக்க, ஈஸ்டர் மேசையின் பன்றித் தொடைக்கறியும் தொத்திறைச்சியும் ஓரிரு துண்டுகளிலேயே அதை எட்டிவிடும், வட்டமாக நறுக்கிய தொத்திறைச்சி மூச்சடைப்பிலும் முன்னணியில் நிற்கிறது. இனிப்பில்லாத கெட்டித் தயிரும் நசுக்கிய ஸ்ட்ராபெரியும், மசித்த வாழைப்பழமும் ஓட்ஸும் முட்டையும் மட்டும் சேர்த்துச் சுட்ட சிறு அப்பங்கள், முயல் வடிவில் வெட்டிய ரொட்டியின்மேல் மெல்லிதாகத் தடவிய வேர்க்கடலை வெண்ணெய், தோலும் விதையும் நீக்கிய ஆரஞ்சுச் சுளை ஆகியவை அந்த இடத்தை நிரப்பும். வேர்க்கடலை வெண்ணெய் கட்டியாக இருந்தால் அதுவும் தொண்டையை அடைக்கும் என்பதால் மெல்லிய பூச்சே போதும்.

இவற்றையெல்லாம் குழந்தை பரிசாக ஏற்குமா என்ற ஐயம் எழலாம். இனிப்பின்மீதான நாட்டம் பிறப்பிலேயே வருவது உண்மை. ஆனால் எந்த உணவு ‘விருந்து’ என்பதைக் குழந்தை பெரியவர்களின் நடத்தையிலிருந்தே கற்கிறது. உளவியலாளர் லியான் பர்ச்சும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குப் பிடித்ததும் அல்லாமல் பிடிக்காததும் அல்லாமல் இருந்த ஓர் உணவை நன்னடத்தைக்கான பரிசாகவோ, ஆசிரியரின் அன்பான கவனிப்போடு சேர்த்தோ கொடுத்தபோது, அந்த உணவின்மீதான விருப்பம் கூடி, கொடுப்பது நின்ற பின்னும் சில வாரங்கள் நீடித்தது. ஈஸ்டர் முட்டைத் தேடல் இந்த ஆய்வின் பெரிய அளவிலான நிகழ்த்தல் என்றே சொல்லலாம்: ஒளித்தல், கண்டெடுத்தல், பளபளப்பான உறை, சுற்றி நின்று கைதட்டும் பெரியவர்கள் என எல்லாமே உள்ளிருக்கும் பண்டத்தின் மதிப்பை உயர்த்துகின்றன. சாக்லேட்டுக்கு இந்தத் துணை தேவையே இல்லை. அதே துணையை ஸ்ட்ராபெரிக்குக் கொடுத்தால் பயன் உண்டு. புதிய உணவுகளைக் கண்டால் ஒதுக்கும் குணம் இரண்டு வயதையொட்டித் தலைதூக்குவதால், பழக்கமில்லாத பழமோ காயோ விளையாட்டின் வழியே வருவது கூடுதல் நன்மை. ஸ்வீடனில் ஆண்டுதோறும் மறுபடி நிரப்பப்படும் பெரிய அட்டைமுட்டைகள் வழக்கத்தில் உள்ளன. உள்ளே மிட்டாய்க்குப் பதிலாகப் படப்புத்தகமும் சோப்புக் குமிழி ஊதும் குப்பியும் வைத்தாலும் திறக்கும் கைக்கு வேறுபாடு தெரிவதில்லை.

பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டாரும் கொண்டுவரும் சாக்லேட் முட்டைகள் எப்படியும் வந்து சேரும். அவற்றை மேசைமேல் வைத்துத் தொடக் கூடாது என்று தடுப்பது, பர்ச்சும் அவரோடு ஆய்வு செய்த ஃபிஷரும் 1999இல் காட்டியதுபோல், அந்தப் பண்டத்தின்மீதான நாட்டத்தை வளர்க்கவே செய்யும். கேரட்டைத் தின்றால் சாக்லேட் தருவதாகப் பேரம் பேசுவதும் தவறான வழி. பரிசு பெறுவதற்காகக் குடிக்க வைக்கப்பட்ட பானம் குழந்தைகளுக்கு முன்னைவிடப் பிடிக்காமல் போனதை 1984இல் பர்ச்சின் ஆய்வுக்குழு கண்டது, ஆகவே இந்தப் பேரத்தில் நஷ்டம் கேரட்டுக்கே. இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு, உறையைப் பிரித்து, உள்ளீடற்ற முட்டையின் மெல்லிய சில்லு ஒன்றை மதிய உணவின் இறுதியில் மற்ற உணவோடு ஒன்றாகத் தட்டில் வைத்துவிட்டு, மீதியைக் கண்ணில் படாத இடத்துக்கு அகற்றிவிடுவது இந்த ஆய்வுகளுக்கெல்லாம் இணங்கிய நடைமுறை. இரவு படுக்குமுன் அரிசி மணியளவு ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்கியபின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது.